மலைக்கு வந்த சட்டம்: ஆர். வெங்கட்டராமனின் மாநிலப் பத்தாண்டு

நீலகிரியின் வரலாறு ஒரு முரணைத் தன்னுள் கொண்டது. 1870 முதல் உதகமண்டலம் சென்னை மாகாண அரசின் கோடைகாலத் தலைமையிடமாக விளங்கிற்று. ஆண்டுதோறும் ஆளுநரும் உயர் அலுவலர்களும் கோப்புக் கட்டுகளுடன் மலையேறி வந்தனர். கஞ்சாம் முதல் திருநெல்வேலி வரை பரந்து கிடந்த மாகாணத்திற்குரிய ஆணைகள் பல இம்மலையின் குளிரிலேயே பிறந்தன. ஆயினும் அந்த மாளிகைகளுக்கு எதிர்ச்சரிவில் கொழுந்து கிள்ளிய கைகளுக்கு அவ்வாட்சியில் எவ்விதக் குரலும் இருந்ததில்லை.

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்வழி அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் தோட்ட முதலாளிகளுக்கெனத் தனித்தொகுதி ஒன்று ஒதுக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளிக்கு வாக்கே இல்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த 215 உறுப்பினர் கொண்ட பேரவையில் வணிகத்திற்கும் தொழிலுக்கும் 6 இடங்கள், தொழிலாளர்க்கு 6 இடங்கள் என எண்ணிக்கை சமமாயிற்று. எனினும் வாக்குரிமை சொத்தையும் கல்வியையும் சார்ந்தே நின்றது. அதற்கும் முன்னர், முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால் அதைக் குற்றமாகக் கருதித் தண்டிக்கும் 1859ஆம் ஆண்டுச் சட்டம் 1920களின் நடுப்பகுதி வரை உயிருடன் இருந்தது. சட்டம் என்னும் சொல் தோட்டத்து மக்களின் காதில் முதன்முதலாக விழுந்தது காவலாகவன்று, கட்டாகவே.

கட்டாக இருந்த சட்டம் காவலாக மாறிய கதையில் பலருக்குப் பங்குண்டு. அவர்களுள் ஒருவர் வழக்குரைஞராகத் தொடங்கி, நாடாளுமன்றம் கண்டு, பின்னர் மாநில ஆட்சிக்குத் திரும்பிய ஆர். வெங்கட்டராமன். இந்தியாவின் எட்டாவது குடியரசுத் தலைவர் என்றே நாடு அவரை நினைவிற்கொள்கிறது. நீலமலையின் நோக்கில் பொருள்மிக்கது அந்த ஐந்தாண்டு அன்று. 1957 முதல் 1967 வரை சென்னை மாநில அமைச்சராக அவர் கழித்த பத்தாண்டே ஆகும்.

தஞ்சையிலிருந்து உயர்நீதிமன்றத்திற்கு

வெங்கட்டராமன் 1910 டிசம்பர் 4 அன்று தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டையை அடுத்த இராசாமடத்தில் பிறந்தார். பொருளியலில் முதுகலைப் பட்டமும் சென்னைச் சட்டக் கல்லூரியில் சட்டப் பட்டமும் பெற்று, 1935இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொண்டார். பொருளியலும் சட்டமும் ஒருங்கே கற்ற இப்பயிற்சி பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் துணைநின்றது. கூலி என்பதைக் கணக்காகவும் உரிமையாகவும் ஒரே வேளையில் நோக்கும் பழக்கம் அதனால் வாய்த்தது எனலாம்.

1942ஆம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் ஈடுபட்டு ஈராண்டுகள் சிறைக்காவலில் இருந்தார். 1946இல் மலேயா, சிங்கப்பூர் நாடுகளுக்குச் சென்ற இந்திய வழக்குரைஞர் குழுவில் அவரும் இடம்பெற்றார். சப்பானியர் ஆட்சிக் காலத்தில் அவர்களுடன் ஒத்துழைத்தனர் எனக் குற்றஞ்சாட்டப்பெற்ற இந்தியர்களுக்காக வாதிடுவதே அக்குழுவின் பணி. சோழநாட்டுச் சிற்றூர்களிலிருந்து மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர் எண்ணற்றோர். அவர்கள் குடியேறிய மண்ணுக்குத் தஞ்சை மாவட்டத்து வழக்குரைஞர் ஒருவர் வாதிடச் சென்றது வரலாற்றின் பொருத்தங்களுள் ஒன்று.

தொழிலாளர் சட்டம் என்னும் புதுத்துறை

1947இல் தொழிற்தகராறுகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே பூசல் எழுந்தால் முதலில் சமரச அலுவலர் முயல்வார். அம்முயற்சி தோற்றால் அரசு அப்பூசலைத் தீர்ப்பாயத்திற்கு அனுப்பலாம். தீர்ப்பாயம் இருபுறமும் கேட்டுத் தீர்ப்பு வழங்கும். இத்தீர்ப்புகள் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் வெளிவரத் தொடங்கின. ஆனால் ஓரிடத்தில் வழங்கிய தீர்ப்பு மற்றோரிடத்தில் வாதிடுவோர்க்குக் கிட்டுவது அரிதாயிருந்தது. பெரிய நிறுவனங்கள் வழக்குரைஞர்களை அமர்த்தித் தேடிக்கொள்ள இயலும்; சங்கத்துச் செயலாளருக்கு அது எவ்வாறு இயலும்?

இக்குறையை உணர்ந்தவராய் வெங்கட்டராமன் 1949இல் தொழிலாளர் சட்டத்திற்கெனவே 'லேபர் லா ஜர்னல்' என்னும் இதழைத் தொடங்கினார். தீர்ப்புகளைத் திரட்டி முறைப்படுத்தி வெளியிட்ட அவ்விதழ் இத்துறையில் நிலைத்த இடம் பெற்றது. இலக்கியத்தில் சுவடி தேடித் தொகுத்தோர் ஆற்றிய பணியோடு இதனை ஒப்பிடலாம். சிதறிக் கிடந்ததைத் தொகுத்தவுடன் அது பொதுச்சொத்தாகிறது. பொதுச்சொத்தானவுடன் எளியவரும் அதை எடுத்தாள முடிகிறது.

இதழ்ப் பணியோடு அவர் நின்றுவிடவில்லை. தோட்டத் தொழிலாளர், தோட்ட அலுவலர், துறைமுகத் தொழிலாளர், இரயில்வேத் தொழிலாளர், செய்தியாளர் எனப் பல பிரிவினரின் சங்கங்களோடு அவர் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தார். சென்னை மாகாணத்தில் இத்தகைய பாதையில் அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. வழக்குரைஞராகித் தொழிற்சங்கத் தலைவராய் உயர்ந்து, 1937இல் மாகாணத் தொழிலாளர் அமைச்சரான வி. வி. கிரியே அவர். தொழிலாளர் வழக்கிலிருந்து குடியரசுத் தலைவர் மாளிகை வரை நீண்ட இவ்விருவர் வாழ்வும் இணைத்து ஆராயத்தக்கவை.

ஒரு சட்டத்தின் உள்ளடக்கம்

1950இல் வெங்கட்டராமன் இடைக்கால நாடாளுமன்றத்தின் உறுப்பினரானார். அந்நாடாளுமன்றமே 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றிற்று. அது 1954 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தேயிலை, காப்பி, இரப்பர், சிங்கோனா ஆகியவை பயிரிடப்பெறும் தோட்டங்களுள் 25 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புடையனவாய், 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரிவனவாய் இருந்தவற்றிற்கு அது பொருந்தும். குடிநீர், கழிப்பிடம், மருத்துவம், குடியிருப்பு ஆகியவற்றை அளிப்பது உரிமையாளரின் கடமையாயிற்று. பெண் தொழிலாளர் 50 பேரும் அதற்கு மேலும் உள்ள தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும். வயது வந்தோர்க்கு வாரத்திற்கு 54 மணி நேரமே வேலையின் உச்சவரம்பு.

இச்சட்டத்தின் 17ஆம் பிரிவு தனித்து நோக்கற்பாலது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளியைக் காக்கக் குடை, கம்பளி, மழைச்சட்டை முதலியவற்றை வழங்குதல் பற்றி அது பேசுகிறது. தென்மேற்குப் பருவமழையின்போது கூடலூர்ச் சரிவிலும், வடகிழக்குப் பருவமழையின்போது குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளிலும் இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு கூடை சுமந்து நின்ற பெண்களை எண்ணிப் பார்த்தால், சட்ட நூலின் இவ்வறண்ட வரி எத்துணை ஈரமுடையது என்பது விளங்கும்.

ஆனால் இப்பிரிவிலேயே ஒரு நுட்பமும் அடங்கியுள்ளது. எத்தனை கம்பளி, எவ்வளவு காலத்திற்கு ஒருமுறை, யாருக்கு என்பதை நாடாளுமன்றம் வரையறுக்கவில்லை. மாநில அரசு விதி வகுக்கலாம் என்று விட்டுவிட்டது. குடியிருப்பின் அளவும், காப்பகத்தின் தரமும், மருத்துவமனையின் அமைப்பும் அவ்வாறே மாநில விதிகளுக்கு உரியவை. ஆய்வாளர்களை அமர்த்துவதும் மாநில அரசே. 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி தோட்டக் கூலியை நிர்ணயிப்பதும், தோட்டத்துப் பூசலைத் தீர்ப்பாயத்திற்கு அனுப்புவதா வேண்டாவா என முடிவு செய்வதும் மாநில அரசின் கையிலேயே இருந்தன. சுருங்கக் கூறின், தில்லி சொல்லைத் தந்தது. அச்சொல்லுக்குப் பொருள் தரவேண்டிய இடம் சென்னை.

தில்லியிலிருந்து சென்னைக்கு

இந்த உண்மையை மனத்திற்கொண்டு நோக்கினால் 1957இல் நிகழ்ந்த மாற்றத்தின் சிறப்புப் புலனாகும். 1952இல் தஞ்சாவூரிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற வெங்கட்டராமன் 1957இலும் வெற்றி பெற்றார். எனினும் அவ்விடத்தைத் துறந்து காமராசர் தலைமையிலான சென்னை மாநில அமைச்சரவையில் சேர்ந்தார். அவ்வமைச்சரவை எண்மரே கொண்டது. சட்ட மேலவையின் அவை முன்னவராகவும் அவர் விளங்கினார். நாட்டின் பேரவையிலிருந்து மாநில அவைக்கு இறங்கி வருதலை வீழ்ச்சியாகக் கருதுவோர் உண்டு. தொழிலாளர் சட்டம் கற்றவருக்கோ அது வேரை நோக்கிய பயணமாகும்.

தொழில், தொழிலாளர் நலம், கூட்டுறவு, மின்சாரம், போக்குவரத்து, வணிகவரி முதலிய துறைகள் அப்பத்தாண்டின் வெவ்வேறு கட்டங்களில் அவர் பொறுப்பில் இருந்தன. தொழில் வளர்ச்சியும் தொழிலாளர் நலமும் ஒரே அமைச்சரிடம் இருந்தமை கவனத்திற்குரியது. தீர்ப்பாயத்தின் முன் ஒருபுறத்தார்க்காக வாதிட்டவர் இப்போது இருபுறத்தாரையும் அழைத்துப் பேசவேண்டிய இருக்கையில் அமர்ந்தார்.

1958ஆம் ஆண்டு அவ்வாட்சியின் தொழிலாளர் சட்டங்களுக்கு ஒரு விளைச்சல் ஆண்டு. உணவு விடுதிகளில் பணிபுரிவோர்க்கு ஒரு சட்டம், பீடித் தொழிலகங்களுக்கு ஒரு சட்டம், தேசிய விழா நாள்களிலும் பண்டிகை நாள்களிலும் விடுமுறை வழங்க ஒரு சட்டம் என மூன்று சட்டங்கள் அவ்வாண்டில் இயற்றப்பெற்றன. அதே ஆண்டில் கிண்டித் தொழிற்பேட்டையும் செயற்படத் தொடங்கிற்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அதனைப் பின்தொடர்ந்தது. தமிழகத் தொழில் வளர்ச்சியின் சிற்பி என்று அவரைப் போற்றுவோர் சுட்டுவது இப்பேட்டைகளையே. அவற்றின் மறுபக்கமாகிய தொழிலாளர் சட்டங்களையும் உடன்வைத்துப் பார்த்தாலன்றி அவ்வாட்சியின் முழு உருவம் தெரியாது.

கூட்டுறவும் சிறுவிவசாயியும்

நீலமலையில் பெருந்தோட்டத் தொழிலாளியைத் தவிர மற்றொருவரும் உண்டு. அவர் அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ சொந்தமாக வைத்திருக்கும் ஹட்டிகளின் சிறுவிவசாயி. சாமையும் கொறளியும் விளைந்த படகர் நிலங்களில் முதலில் உருளைக்கிழங்கும் பின்னர்த் தேயிலையும் பரவின. கிழங்கை மூட்டையில் சில நாள் காத்து வைக்கலாம்; கொழுந்தை அவ்வாறு வைக்க இயலாது. கிள்ளிய சில மணி நேரத்திற்குள் அது தொழிற்சாலையை அடையவேண்டும். ஏறத்தாழ நான்கரைக் கிலோ பசுந்தேயிலையிலிருந்து ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும். தொழிற்சாலை இல்லாத விவசாயி, வாங்குவோர் சொன்ன விலைக்குத் தலையசைப்பதைத் தவிர வேறு வழியற்றவர்.

கூட்டுறவு என்னும் விடை இம்மலைக்குப் புதிதன்று. படகர் சமுதாயத் தலைவரும் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராய் விளங்கியவருமாகிய எச். பி. ஆரி கவுடரின் முயற்சியால் 1935இல் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியது. கிழங்கு விளைவித்தோரை இடைத்தரகரிடமிருந்து மீட்பதே அதன் நோக்கம். அம்மரபின் மேல் 1960களில் புதிய கட்டடம் எழுந்தது. 1961இல் சென்னை மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் நிறைவேறியது. 1962இல் குந்தாவில் முதல் தொழிற்கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தோன்றியது. 1965இல் இத்தகைய தொழிற்சாலைகளின் இணையமாக 'இண்ட்கோசர்வ்' குன்னூரில் அமைந்தது. இம்மூன்றும் வெங்கட்டராமன் அமைச்சராயிருந்த காலத்தில் நிகழ்ந்தவை. இவற்றை ஒருவர் சாதனையாக எழுதிவிடுதல் முறையன்று. பங்குப் பணம் கட்டிய விவசாயிகளும், ஊர்ப் பெரியவர்களும், தொழில்துறை அலுவலர்களும் சேர்ந்து உருவாக்கியவை அவை. எனினும் தொழிலும் கூட்டுறவும் அரசின் முதன்மைக் கவலைகளாயிருந்த அச்சூழல் இன்றியமையாததாயிருந்தது. பின்னர் அத்தொழிற்சாலைகள் பதினாறாகப் பெருகி, ஆயிரக்கணக்கான சிறுவிவசாயிகளை உறுப்பினராகக் கொண்டு நிலைபெற்றன.

குந்தாவும் இந்துநகரும்

அதே காலத்தில் மலையின் மேற்குப் பகுதி முற்றிலும் உருமாறிக் கொண்டிருந்தது. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டு உதவியுடன் குந்தா நீர்மின் திட்டம் செயற்படுத்தப்பெற்றது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகள் எழுந்தன. 1932இலேயே பைக்காரா மின்சாரம் கோவை ஆலைகளை இயக்கத் தொடங்கியிருந்தது. குந்தா மின்சாரம் சமவெளியின் தொழிற்பெருக்கத்திற்கு மேலும் வலிவூட்டியது. தொழிற்பேட்டைகளில் சுழன்ற சக்கரங்களுக்கு நீலமலையின் நீர் விலை கொடுத்தது என்பதை மறத்தலாகாது. அம்மாற்றத்தை இலக்கியமும் கண்டது. படகர் வாழ்வைத் தலைமுறைகளின்வழிச் சித்திரித்த ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' புதினம் இப்பத்தாண்டிலேயே வெளிவந்தது.

உதகையில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நடுவண் அரசின் நிறுவனம். தூசியற்ற குளிர்ந்த காற்று அத்தொழிலுக்கு ஏற்றதாயிருந்தது. 1967இல் உற்பத்தி தொடங்கிற்று. அதனைச் சூழ்ந்து எழுந்த குடியிருப்பு 'இந்துநகர்' எனப் பெயர் பெற்றது. தேயிலையை மட்டும் நம்பியிராத ஒரு மலை என்னும் கனவு அதில் இருந்தது. காலம் அக்கனவை முழுமை பெற விடவில்லை. எண்மின் ஒளிப்படத்தின் வருகையால் படச்சுருள் தேவையற்றுப் போக, 2014இல் நடுவண் அமைச்சரவை அந்நிறுவனத்தை மூட ஒப்புதல் அளித்தது. அப்பத்தாண்டில் விதைத்தவற்றுள் பேராலை சாய்ந்தது. சிறுவிவசாயிகளின் கூட்டுறவு நின்றது. ஆய்வாளர் சிந்திக்கத்தக்க முடிவு இது.

சட்டத்தின் எல்லைகள்

புகழுரையோடு நின்றுவிடின் வரலாறு பொய்த்துவிடும். 1951ஆம் ஆண்டுச் சட்டம் 25 ஏக்கர் என்னும் கோட்டை வரைந்தது. அக்கோட்டுக்கு அப்பால் நின்ற சிறுதோட்டத்துக் கூலிப்பெண்ணுக்குக் கம்பளியும் இல்லை, காப்பகமும் இல்லை. தோட்டத்தைத் துண்டாக்கிச் சட்டத்திலிருந்து விலகும் வழியும் திறந்தே கிடந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1981இல்தான் 5 ஹெக்டேர், 15 தொழிலாளர் என அவ்வரம்பு தாழ்த்தப்பெற்றது. வார வேலை நேரமும் 48 மணியாகக் குறைந்தது. ஆண், பெண் கூலி வேறுபாட்டிற்கு எதிராக 1976இல் சம ஊதியச் சட்டம் வரும்வரை, ஒரே நிரையில் நின்று ஒரே கொழுந்தைக் கிள்ளியோர்க்கு இருவேறு கூலி வழங்குதல் இயல்பென்றே கருதப்பட்டது.

தீர்ப்பாய முறைக்கும் எல்லை உண்டு. பூசல் வழக்காக மாறும்போது அமைதி கிடைக்கிறது, காலமும் கரைகிறது. மேல்முறையீடு செய்ய முதலாளியால் காத்திருக்க இயலும். அடுத்த வாரக் கூலியை நம்பியவரால் இயலாது. சட்டத்தை நம்பிய தலைவர்கள் அனைவரையும் எதிர்நோக்கிய வினா இது. வெங்கட்டராமன் போன்றோர் வேலைநிறுத்தத்தினும் தீர்ப்பே நிலைத்த பயன் தரும் என்னும் கொள்கையினர். எதிர்க்கருத்துடைய சங்கங்களும் இம்மலையில் வலுவுடன் இருந்தன. தொழிலாளி பெற்ற நன்மை இவ்விரு நெறிகளின் உரசலிலிருந்தே பிறந்தது எனக் கூறுதல் நேர்மையாகும்.

மற்றுமொரு மக்கள் கூட்டத்தையும் குறிப்பிடல் வேண்டும். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவிற்கு அனுப்ப வகைசெய்தது. அவ்வாறு வந்தோருள் பெருந்தொகையினர் நீலகிரியில் குடியேறினர். அவர்கள் மறுவாழ்விற்கென 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பெற்றன. 1976இல் 'டான்டீ' என்னும் கழகமாயின. அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. 1967 தேர்தலில் காங்கிரசு ஆட்சியை இழக்க, வெங்கட்டராமன் திட்டக்குழு உறுப்பினராகத் தில்லி சென்றார். அரசே தோட்டத்து முதலாளியானபோது, முதலாளிக்கென எழுதிய அதே சட்டம் அரசையும் கட்டுப்படுத்திற்று.

பிற்கால வாழ்வு யாவரும் அறிந்ததே. 1980 முதல் நடுவண் நிதியமைச்சர், பின்னர்ப் பாதுகாப்பு அமைச்சர், 1984இல் குடியரசுத் துணைத்தலைவர், 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவர். 2009 சனவரி 27 அன்று மறைந்தார். காமராசரின் சோசலிச நாட்டுப் பயணம் குறித்து அவர் எழுதிய பயணநூல் சோவியத் நாடு பரிசு பெற்றது என்பது இலக்கிய ஆர்வலர் பலரும் அறியாத செய்தி.

எழுதப்பட வேண்டிய பக்கங்கள்

1951ஆம் ஆண்டுச் சட்டம் 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுள் ஒன்றில் இணைக்கப்பெற்றது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. தோட்டத்திற்கெனத் தனிச்சட்டம் என்னும் நிலை ஏழு பதின்ம ஆண்டுகளுக்குப் பின் முடிவுற்றது. தொகுப்பில் சொற்கள் இடம்பெறலாம். அச்சொற்களுக்குப் பொருள் தரும் பொறுப்போ முன்போலவே மாநில விதிகளையும், ஆய்வாளரின் கால்நடையையும், சட்டமன்றத்தின் விழிப்பையும் பெரிதும் சார்ந்துள்ளது. 1957இன் பாடம் இன்றும் பழுதுபடவில்லை.

கவிஞர்க்கும் இதில் பங்குண்டு. நீலமலை என்றவுடன் பனியும் குறிஞ்சியும் பாட்டில் வந்துவிடுகின்றன; லயத்து வீட்டின் ஒழுகும் தகரம் அத்துணை எளிதில் வருவதில்லை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' புதினம், இரா. முருகவேள் வழி 'எரியும் பனிக்காடு' எனத் தமிழுக்கு வர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. நீலகிரித் தோட்டங்களின் தாலாட்டும் ஒப்பாரியும், தீர்ப்பாயத்தில் சாட்சி சொன்ன முதியோரின் நினைவும் இன்னும் தொகுக்கப்படாமலே உள்ளன. சிதறிய தீர்ப்புகளை ஒரு வழக்குரைஞர் தொகுத்ததால் தொழிலாளர் சட்டம் ஒரு துறையாயிற்று. சிதறிய குரல்களைத் தொகுப்பின் இம்மலைக்கு ஓர் இலக்கியம் கிடைக்கும். சட்டம் கம்பளியைத் தரலாம்; அக்கம்பளியைப் போர்த்தியவளின் சொல்லைக் காத்துத் தருவது இலக்கியத்தின் கடன்.